ஈடு வைக்கப்பட்ட நடுநாடு

கர்நாடகப் போர்களை ஆற்காட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பார்த்தே பழகிவிட்டோம். நடுநாட்டுக் கெடிலக் கரையிலிருந்து பார்த்தால் 1740 முதல் 1801 வரையான அந்த அறுபது ஆண்டுகள் வேறு மாதிரி தெரிகின்றன. ஆனால் கதையை அதற்கும் எண்ணூறு ஆண்டு முன்பிருந்து தொடங்க வேண்டும்.

சுந்தரர் பிறந்த ஊர் என்றுதான் திருநாவலூரைத் தமிழ்நாடு அறியும். நரசிங்க முனையரையர் அவரை எடுத்து வளர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்த ஊருக்கு ராஜாதித்தபுரம் என்றும் ஒரு பெயர் இருந்தது. அது ஒரு படைமுகாம் தந்த பெயர். முதல் பராந்தக சோழரின் மகன் ராஜாதித்தர் பத்தாம் நூற்றாண்டின் முப்பதுகளில் தம் பரிவாரத்தோடு இங்கே வந்து தங்கினார். இன்று பக்தஜனேசுவரர் கோயில் என்று கும்பிடுகிற தலத்தைக் கற்றளியாக எழுப்பினார். கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் முகாமே கண்முன் வந்துவிடுகிறது. இளவரசரின் தாயார் கொடுத்த கொடை ஒரு பக்கம்; அவர் படையில் இருந்த மலைநாட்டுச் சேவகர்கள் ஏற்றிய நந்தா விளக்குகள் இன்னொரு பக்கம். கேரளத்திலிருந்து வந்த படைத்தலைவர் வெள்ளன் குமரன், 943-இல் பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் தனியாக ஒரு கோயிலே கட்டினார்.

தஞ்சையின் இளவரசருக்கு இவ்வளவு வடக்கே என்ன வேலை? பராந்தகர் பாணரையும் வைதும்பரையும் அவரவர் நாட்டிலிருந்து துரத்தியிருந்தார். நாடிழந்தவர்கள் போய் நின்றது ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் வாசலில். படையெடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு, வழி காட்டுகிற ஆட்களும் சேர்ந்தே கிடைத்தார்கள். 949-இல் தக்கோலத்தில் கங்க மன்னர் பூதுகர் கையால் ராஜாதித்தர் யானை மேலேயே மாண்டார். 959-இல் கிருஷ்ணர் மேல்பாடியில் பாளையம் இறங்கி, வென்ற நாட்டைத் தம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாக அவருடைய செப்பேடே சொல்கிறது. நடுநாட்டுக் கோயில்களில் சோழர் பெயர் இருந்த இடத்தில், கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர் என்று புதிய மெய்க்கீர்த்தி ஏறியது.

வெளியாள் வருவதற்கு முன்னால் உள்ளூரில் யாரோ ஒருவர் தூது அனுப்பியிருக்கிறார். வந்தவர் போகாமல் தங்கியதற்கும் ஒரு விலை பேசப்பட்டிருக்கிறது. இந்த மண்ணின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் நான் திரும்பத் திரும்பத் தேடுவது இந்த இரண்டைத்தான்: கூப்பிட்டவர் யார், கூலியாக எதைக் கொடுத்தார்?

சேந்தமங்கலத்துச் சிறை

திருநாவலூரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், அதே கெடிலக் கரையில் இருக்கிறது சேந்தமங்கலம். ஆபத்சகாயேசுவரர் கோயிலின் பெரிய மதிலையும் கோபுரத்தையும் பார்த்தால் இது ஒரு காலத்தில் தலைநகரம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டாம். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கர் இங்கிருந்துதான் ஆண்டார். சோழருக்கு அடங்கிய சிற்றரசர் வம்சம் அது. மூன்றாம் ராஜராஜர் காலத்தில் சோழர் கை தளர்ந்ததும், கோப்பெருஞ்சிங்கர் தெள்ளாற்றில் அவரைத் தோற்கடித்துப் பிடித்துவந்து இந்தச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார்.

சோழரை மீட்க வந்தவர் போசள மன்னர் இரண்டாம் நரசிம்மர். அவருடைய தண்டநாயகர்கள் அப்பண்ணரும் சமுத்திர கொப்பய்யரும் 1231-இல் நடத்திய படையெடுப்பு, கடலூருக்குப் பக்கத்தில் திருவேந்திபுரம் கோயில் சுவரில் ஊர் ஊராக எழுதப்பட்டிருக்கிறது. எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர், திருப்பாதிரிப்புலியூர் என்று அழித்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நடுவே தில்லையில் நின்று பொன்னம்பலத்தைக் கும்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புகிறார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரைக்கும் பயிரை அழித்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், பெண்களைப் பிடித்தார்கள். இதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வெற்றிக் கணக்காகவே வெட்டப்பட்டிருக்கிறது. சிறையில் இருந்தவர் சோழர். சிறை வைத்தவர் காடவர். அறுவடைக்கு நின்ற பயிரை இழந்தவர்கள் இந்த இருவருமே இல்லை.

கோப்பெருஞ்சிங்கர் இறங்கிவந்து ராஜராஜரை விடுவித்தார். போசளர் மட்டும் ஊர் திரும்பவில்லை. திருவரங்கத்துக்கு எதிரே கண்ணனூரில் இரண்டாவது தலைநகரம் அமைத்துக் காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டார்கள். சடையவர்ம சுந்தர பாண்டியர் வந்து விரட்டும்வரை சோழநாட்டு அரசியலில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது.

ஒரு நவாப் பதவி, நான்கு கொலைகள்

ஐந்நூறு ஆண்டுகள் தள்ளி வருவோம். 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியப் படையோடு மோதி ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் மாண்டார். மருமகன் சந்தா சாகிப் 1741-இல் திருச்சிராப்பள்ளியை மராட்டியரிடம் இழந்து சிறைப்பட்டார். இவர்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு மதுரை நாயக்க அரசி மீனாட்சிக்கு உதவ வந்தவராக நடித்து அதே திருச்சியைப் பிடித்தவர். மகன் சப்தர் அலியை 1742-இல் வேலூரில் சொந்தக்காரரே கொன்றார். சப்தர் அலியின் சிறுவயது மகனும் 1744-இல் ஆற்காட்டில் குத்திக் கொல்லப்பட்டான். ஐதராபாத் நிஜாம் தம் ஆள் அன்வருதீனை நவாபாக அனுப்பினார். பழைய குடும்பத்தார் யாரும் அவரை மனதார ஏற்கவில்லை.

அதே 1740-இல் வியன்னாவில் மரியா தெரசா பட்டமேற்றதை ஒட்டி ஐரோப்பாவில் வாரிசுப் போர் மூண்டிருந்தது. இங்கே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடற்கரையில் துணி வாங்கி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இரண்டு கம்பெனிகள், அவ்வளவுதான். அந்தப் போரைச் சாக்கிட்டு 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைப் பிடித்தது. சென்னையை நவாபிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே பிறகு கைவிரித்தார். அன்வருதீன் மகன் மாபூஸ் கான் பத்தாயிரம் பேரோடு போனார். அடையாற்று முகத்துவாரத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை அவரைச் சிதறடித்தது.

பயிற்சி பெற்ற சிப்பாய்களும் வேகமாகச் சுடும் பீரங்கியும் வைத்திருப்பவனிடம் ஆள்கணக்கு எடுபடாது என்பதை அன்று தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விபரீதம். இந்தப் படையை எப்படித் தடுப்பது என்று கூடிப் பேசியவர்கள் யாருமில்லை. நமக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகத் தூது விட்டார்கள்.

1749 அதற்குச் சரியான சாட்சி. தஞ்சாவூர் அரியணையை இழந்த சாகுஜி, கடலூர் புனித டேவிட் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் உதவி கேட்டார். கொள்ளிட முகத்துவாரத்தில் இருக்கும் தேவிகோட்டையைத் தருவதாகப் பேச்சு. ஆங்கிலேயர் போனார்கள், தேவிகோட்டையைப் பிடித்தார்கள். பிடித்ததும் ஆட்சியிலிருந்த பிரதாப சிங்கரோடே சமாதானம் பேசிக் கோட்டையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். சாகுஜிக்குக் கிடைத்தது ஒரு உபகாரச் சம்பளம். அதே ஆண்டு ஆகஸ்டில் மராட்டியரிடமிருந்து மீண்டு வந்த சந்தா சாகிப், பிரெஞ்சுப் படைத் துணையோடு ஆம்பூரில் அன்வருதீனைக் கொன்றார். அதற்குக் கூலியாகப் புதுச்சேரியைச் சுற்றி எண்பது கிராமங்கள் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போயின. அன்வருதீன் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி ஆங்கிலேயரைக் கூப்பிட்டார்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். யாராலும் ஏற முடியாது என்று பெயர் வாங்கிய மூன்று மலைகள்! அந்த இரவுக்குப் பிறகு நடுநாட்டின் எந்தக் கோட்டைக்கும் தன் சுவரில் நம்பிக்கை இருந்திருக்க முடியாது.

திருவரங்கத்தில் ஒரு கைதி

இந்தப் போரின் குணத்தை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் 1752 ஜூன் மாதத் திருவரங்கத்தைத்தான் காட்டுவேன். திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. அவருக்காக வெளியே நின்றவர்கள் ஆங்கிலேயர், தஞ்சைத் தளபதி மானோஜி, மைசூர் நஞ்சராஜர், மராட்டியத் தலைவர் முராரி ராவ், புதுக்கோட்டைத் தொண்டைமான். எதிரே திருவரங்கம் தீவுக்குள் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் சிக்கிக்கொண்டார்கள். உயிருக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு சந்தா சாகிப் மானோஜியின் பாளையத்துக்குப் போனார்.

கைதி யாருக்கு? நவாப் கேட்டார், மைசூர் கேட்டது, முராரி ராவ் கேட்டார், ஆங்கிலேயரும் கேட்டார்கள். உயிரோடு அவரை வைத்திருப்பவன் கையில் ஆற்காட்டு உரிமையே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற மூவரும் பகை. மானோஜி அவர் தலையை வெட்டச் செய்து சிக்கலை முடித்தார். தலை முகமது அலிக்குப் போனது. ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சி மதிலைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள்.

ஒரே பக்கம் நின்றவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் அவ்வளவு சந்தேகித்தார்கள். அடுத்த வாரங்களிலேயே அது வெளியே வந்தது. படை உதவிக்குத் திருச்சியையே தருவதாக முகமது அலி மைசூருக்கு ரகசிய வாக்குக் கொடுத்திருந்தார். வெற்றி கிடைத்ததும் மறுத்துவிட்டார். நஞ்சராஜர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார், முராரி ராவும் போனார். முடிந்திருக்க வேண்டிய போர் அந்த வாக்குத் தவறியதால் இன்னும் இரண்டு ஆண்டு இழுத்தது.

மாதச் சம்பளமும் கிராமக் கிஸ்தியும்

நம் மேடைகளில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒற்றுமை இல்லாமல் கெட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் எனக்கு நிறைவில்லை. யாரோடு யார் ஒன்றுபட்டிருக்க வேண்டும்? ஐதராபாத் அனுப்பிய நவாபோடு தஞ்சை மராட்டியரா? தன் அரசியை ஏமாற்றியவரின் குடும்பத்தோடு மதுரைச் சீமையா? ஒவ்வொருவருக்கும் உண்மையான மனக்குறை இருந்தது. சண்டை மட்டுமே நாட்டைக் கெடுத்திருந்தால் மூவேந்தர் காலத்திலேயே கெட்டிருக்கும். இந்தமுறை கெடுத்தது, சண்டைக்குப் பணம் கட்டிய விதம்.

கம்பெனிச் சிப்பாய்க்கும் வெள்ளைச் சோல்ஜருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும், மருந்துக்கும் குண்டுக்கும் காசு வேண்டும். நவாபிடம் ரொக்கம் இல்லை. ஆகவே நிலவரியை எழுதிக் கொடுத்தார். இந்தச் சீமையின் கிஸ்தியை நீங்களே வசூலித்துக்கொள்ளுங்கள் என்றார். வசூலிக்க அந்தச் சீமையின் கோட்டை கையில் இருக்க வேண்டும். கோட்டையைப் பிடிக்கப் படை வேண்டும். அந்தப் படைக்கு இன்னும் கொஞ்சம் சீமை. எதிர்த்தரப்பும் அதே நிலத்தை அதே காரணத்துக்குத் தன் கம்பெனிக்கு எழுதித் தந்திருந்தது. திருவதிகை, விழுப்புரம், விருத்தாசலம், சிதம்பரம் என்று இந்தப் பக்கத்துக் கோட்டைகளும் கோட்டையாக்கப்பட்ட கோயில்களும் திரும்பத் திரும்பக் கைமாறியது இதனால்தான். திருவதிகையில் அப்பர் பெருமானின் கோயில் இருக்கிறது என்பதற்காக எவனும் அங்கே வந்து குண்டு போடவில்லை. கெடிலப் பாசனத்து நெல் அங்கே இருந்தது.

போன மாதம் ஒரு தரப்புக்குக் கட்டிய வரியை இந்த மாதம் இன்னொரு தரப்பின் அமில்தார் கணக்கில் எடுக்கமாட்டார். ரசீதைக் காட்டினால் அதுவே குற்றம். கோட்டை கைமாறுகிற ஊரில் ரயத்துக்கு இருந்த ஒரே வழி மாட்டை ஓட்டிக்கொண்டு மேற்கே காட்டுக்குள் போவது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இந்த இடத்தில் பெரிய துணை. பின்னாளில் துய்ப்ளேயின் துபாஷியான அவர் 1736 முதல் எழுதிவைத்த பக்கங்களில் அரசாங்கக் கடிதங்களும் உண்டு, சந்தைப் பேச்சும் உண்டு. பதவிக்கு நின்றவர்கள் துய்ப்ளேக்கும் அவர் மனைவிக்கும் கொண்டுவந்து வைத்த நஜர்களும் உண்டு. படையைக் கொடுத்தவன் திறமைசாலி என்று நாம் படிக்கிறோம். அந்தத் திறமையை விலைக்கு வாங்க வரிசையில் நின்றவர்களின் பெயர்கள் பிள்ளையவர்களின் ஏட்டில் இருக்கின்றன.

தியாகதுருகமும் எலவனாசூரும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் சாலையில் போனால் முதலில் எலவனாசூர்கோட்டை, அப்புறம் தியாகதுருகம். சாலையிலிருந்தே தெரியும் பாறைமலையும் கோட்டைச் சுவரும். கல்வராயன் மலைக்கும் கடற்கரைக்கும் இடையிலான வழியைக் காவல் காக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சேலம் பக்கத்துக் கணவாய் வழியாக மைசூர்ப் படை இறங்கினால் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது. புதுச்சேரிக்குள் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. லாலி, மைசூரில் அப்போது எழுந்துகொண்டிருந்த ஐதர் அலியிடம் ஆள் அனுப்பினார். படையும் ஆடுமாடும் தானியமும் கொடுத்தால் தியாகதுருகத்தையும் எலவனாசூரையும் தருகிறோம் என்று ஒப்பந்தம். கொடுக்கிறவர் பிரான்ஸ் அரசரின் தளபதி, வாங்குகிறவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சேனாதிபதி, கைமாறுவது இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நடுப்பகுதி. மக்தூம் அலி தலைமையில் வந்த மைசூர்ப் படை ஜூலையில் திருவதிகைப் பக்கம் மேஜர் மூரின் ஆங்கிலப் படையை முறியடித்தது. புதுச்சேரி பிழைத்துவிடும் என்றே தோன்றியது. அதற்குள் ஐதருக்குத் தலைநகரில் அமைச்சர் கந்தே ராவோடு பகை முற்றி, படையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். தியாகதுருகம் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

1761 ஜனவரி நடுவில் புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதம் காலமாகியிருந்தார். ஆங்கிலேய மேஜர் பிரெஸ்டனின் பல வார முற்றுகைக்குப் பிறகு பிப்ரவரியில் தியாகதுருகம் விழுந்தது, ஏப்ரலில் செஞ்சி. முகமது அலி ஐயத்துக்கிடமில்லாத நவாப் ஆனார். ஆனதும் செலவுக் கணக்கு அவர் முன்னால் வைக்கப்பட்டது.

அவர் பட்ட கடன் உலகப் புகழ் பெற்றது. கம்பெனிக்குத் தரவேண்டியது ஒரு பக்கம். கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தது இன்னொரு பக்கம். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் எழுந்து ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடுநேரம் பேசும் அளவுக்கு அது நாறியது. போசளரும் தங்கினார்கள், கொள்ளையடித்தார்கள். ஆனாலும் கண்ணனூரில் இருந்துகொண்டு இங்கே ஆண்டார்கள், இங்கே கோயிலுக்குக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஈடு வைத்த நிலத்தின் லாபம் கப்பலேறியது. இந்த வித்தியாசத்தை நாம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

போரும் ஓயவில்லை. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடுமையாக மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் பேசியாகிவிட்டது என்று செய்தி வந்தது; அதோடு பிரெஞ்சுத் துப்பாக்கிகள் நின்றுவிட்டன. அவர்களை நம்பிக் களத்தில் இருந்த ஐதரின் மகன் திப்பு தனித்து விடப்பட்டார். 1790-இல் அதே திப்பு தியாகதுருகத்தைத் தாக்கினார். கோட்டையைக் காத்த ஆங்கிலேயக் கேப்டன் பிளிண்ட் பிடிகொடுக்கவில்லை. திப்பு புதுச்சேரிப் பக்கம் இறங்கி, ஆறாயிரம் வீரர்கள் வேண்டும் என்று பதினாறாம் லூயி மன்னருக்குத் தூது அனுப்பினார். லூயிக்குத் தம் அரியணையையே காக்க முடியாத நேரம் அது.

இன்றைய லிபியாவைப் பார்க்கிறபோது எனக்கு 1749-தான் ஞாபகம் வருகிறது. 2014-க்குப் பிறகு திரிப்போலியில் ஓர் அதிகாரம், கிழக்கே ஓர் அதிகாரம். ஒன்றின் பின்னால் துருக்கி. மற்றதன் பின்னால் ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, ரஷ்யக் கூலிப்படை. 2019 நவம்பரில் திரிப்போலி அரசு துருக்கியோடு இரண்டு ஒப்பந்தங்களில் சேர்த்தே கையெழுத்திட்டது: ஒன்று படை உதவிக்கு, இன்னொன்று மத்தியதரைக் கடலின் எல்லைக்கு. எண்பது கிராமங்களுக்குப் பதிலாகக் கடல்.

நம் மண்ணில் நடந்த இதையெல்லாம் அப்போதே ஒருவர் எழுதிவைத்தார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. 1801 ஜூன் 16-இல் சிவகங்கைச் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நவாப் முகமது அலி மதியீனமாக ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததையும், நாட்டிலிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தூற்றிக்கொண்டே நாட்டை ஒப்படைத்ததையும் அது நேரடியாகச் சொன்னது. எந்தச் சாதியையும் எந்த மதத்தையும் விட்டுவிடாமல் எல்லோரையும் விளித்துச் சொன்னது. அரசர்களைக் கூப்பிட்டு ஐரோப்பாவுக்குத் தூது விடச் சொல்லவில்லை. வெள்ளைக்காரனிடம் வேலை பார்க்கும் சிப்பாய் வரைக்கும் இங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டது.

ஆறு வாரம் கழித்து, ஜூலை 31-இல், நவாப் அசீமுத் தௌலா ஆற்காட்டுச் சீமையின் ஆட்சி முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்குப் படி. திருநாவலூர், சேந்தமங்கலம், எலவனாசூர், தியாகதுருகம் எல்லாம் தென்னாற்காடு கலெக்டரின் ஜமாபந்திக் கணக்குக்குப் போயின. மருதுவை எதிர்த்துப் போன கம்பெனிப் படையோடு புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களும் போனார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள்.